காப்புக் கட்ட ஒரு கொத்து ஆவாரை

பொங்கலுக்கு முந்தின நாள். தாராபுரம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா, சந்தையில் 30 ரூபாய் கொடுத்து ஒரு கட்டு ஆவாரம்பூ வாங்கி வந்தார். வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீடு, மாட்டுக்கொட்டகை, காடு என எல்லா இடத்திலும் காப்புக் கட்டினார். கட்டி முடித்தும் மனசு ஆறவில்லை. வரப்பு முழுக்க இருந்த ஆவாரையைப் புதர் என்று நினைத்து, ஜே.சி.பி. வைத்து வழித்தெடுக்கச் சொன்னதே அவர்தான்.

மாசியில் குளக்கரைக்குப் போய், பழுப்பேறிக் காய்ந்த தட்டைக் காய்களைப் பறித்து வந்தார். "ஏம்மா, காட்டுச் செடிய யாராச்சும் விதைச்சு வளப்பாங்களா? கம்பி வேலி போட்டுக்கலாம்" என்றார் மகன். அந்த அம்மா பதில் பேசவில்லை. ஆடி மழையில் இரண்டு கை விதையை வரப்போரம் தூவினார். முளைத்தது ஏழெட்டுதான். அதையும் களை மூடிவிட்டது.

மறு வருசம் விதையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். விடிந்தும் கல் மாதிரியே கிடந்தது. அப்போதுதான் மாமியார் சவுண்டல் விதையைச் சுடுதண்ணீரில் போட்டு விதைத்தது ஞாபகம் வந்தது. ஆவாரை விதைக்கும் தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. தோல் இளகினால்தான் முளைப்பு.

விதை நேர்த்தி

தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிடம் சூடு தணியவிட்டு, விதை மேல் ஊற்றி இரவு முழுக்க அப்படியே வைத்தார். அடுப்பில் வைத்து விதையை வேகவிடக் கூடாது. காலையில் 200 விதையில் 130 போல உப்பியிருந்தன. உப்பாததை உப்புக்காகிதத்தில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைத்தார்.

செம்மண், மணல், மக்கிய எரு கலந்த பைகளில் அரை அங்குல ஆழத்துக்கும் குறைவாக விதைத்தார். ஆணிவேர் சீக்கிரம் இறங்கும் செடி என்பதால், வேர் அறுபடாமல் பையைக் கிழித்து ஐப்பசி மழையில் 3 அடிக்கு ஒன்றாக நட்டார். கோடையில் குடத்துத் தண்ணீர் சில தடவை. ஆடு மாடு அதிகம் கடிக்காததால் 90 செடி தேறியது. 270 அடி வரப்புக்கு உயிர்வேலி ஆயிற்று.

இலையைப் பச்சைப் புழு தின்றபோது மகன் மருந்து அடிக்கக் கிளம்பினார். அந்த அம்மா தடுத்தார். அது மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சியின் புழு. செடி மறுபடி துளிர்க்கும். சாப்பிடும் பூவில் பூச்சிமருந்து கூடாது.

அடுத்த வருசம் வரப்பு மஞ்சளாயிற்று. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதை உதிர்த்தெடுக்கக் கருவண்டுகள் ரீங்காரமிட்டு வந்தன. பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். நிழலில் உலர்த்திக் கொதிக்கவைத்துக் குடித்தால் இளவாசமாக இருக்கும். சாலையோரத்தில் புகையும் தூசும் படிந்த பூவைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், இந்தப் பூவை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

தெலங்கானாவில் இதே செடிக்குத் தங்கேடு என்று பெயர். அங்கே அதுதான் மாநில மலர். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கும் பூக்களில் முக்கியமானது. நம்மூரில் புதர் என்று வழித்தெடுக்கிறோம்.

போன பொங்கலுக்கு ஊர்ச்சனம் அந்த வரப்புக்கு வந்து பூ ஒடித்தது. மகனே முன்னால் நின்று ஒடித்துக் கொடுத்தார். அந்த அம்மா யாரிடமும் காசு வாங்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "வத்துன காயும் ரெண்டு எடுத்துட்டுப் போங்க. சுடுதண்ணில போட மறந்துறாதீங்க."