பொட்டி செத்துப்போச்சா?

2018 பொங்கல் லீவு. ராத்திரி பஸ் பிடித்து, போகி அன்று காலையில் வீட்டில் வந்து இறங்கினான் பையன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "டேய், ஸ்டுடியோவுல அந்தப் பொட்டி செத்துப்போச்சுடா" என்றார் அப்பா.

அந்தப் பொட்டி கம்ப்யூட்டர் இல்லை. ரவுட்டர் பக்கத்தில் செங்கல் சைஸில் உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க் ஹார்டு டிஸ்க். ஒன்பது வருஷக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அதற்குள்தான். சுமார் 600 ஜிபி. வேறு காப்பி? அதைக் கேட்கக்கூடாது. (போட்டோகிராபர்களுக்கும் பேக்கப்புக்கும் ஏதோ ஜென்மப் பகை!)

கம்ப்யூட்டரில் இருந்தது உபுண்டு 16.04. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தையே கலக்கியபோது, பயந்துபோய் விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு போட்டது இதே பையன்தான். ஆக, குற்றவாளிக் கூண்டில் பொட்டி மட்டும் இல்லை, பையனும்தான்.

திரையில் ஒரே ஒரு வரி. மவுன்ட் எர்ரர் 112, ஹோஸ்ட் இஸ் டவுன். அப்பா அதை அப்படியே எழுதிக்கொண்டு போய் பஜாரில் சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். "கொண்டாங்க சார், டிஸ்க்கைக் கழட்டிப் பார்க்கலாம், பார்மட் அடிச்சாதான் சரியாகும்" என்று பதில். நல்லவேளை, பண்டிகை என்று கடையை அடைத்துவிட்டார்கள்.

பையன் முதலில் செய்தது பிங். பொட்டி உடனே பதில் சொன்னது. அடுத்து, போனில் ஒரு பைல் மேனேஜரைத் திறந்து அதே முகவரியைக் கொடுத்தான். எல்லாப் போல்டரும் பளிச்சென்று வந்தன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததே அப்போதுதான்.

அப்படியானால் பொய் சொல்வது கம்ப்யூட்டர். போன வாரம் வரை ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டரில் என்ன மாறியது? கெர்னல். 2018 ஜனவரி 3ஆம் தேதி மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று ப்ராசஸர்களில் இருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. அந்த அவசரத்தில் உபுண்டு 16.04இல் 4.10 கெர்னல் வைத்திருந்தவர்களுக்கு, ஓட்டையை அடைத்த 4.13 நேராக அப்டேட்டில் வந்து இறங்கியது. க்ரப் மெனுவில் பழைய 4.10ஐத் தேர்ந்தெடுத்து பூட் செய்தான். பொட்டி திறந்தது!

பாதிப் பேர் இங்கேயே டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் 4.10இல் மெல்ட்டவுன் அடைப்பு இல்லை. தவிர, அப்பா தினமும் காலையில் க்ரப் மெனுவில் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருக்கவும் மாட்டார்.

4.13இல் ஏதோ பிழை, புதுசில் சரி செய்திருப்பார்கள் என்பது பையனின் கணக்கு. உபுண்டுவில் ஒரு வசதி உண்டு, எந்தக் கெர்னலையும் ரெடிமேடாக இறக்கிச் சோதித்துப் பார்க்கலாம். போன் டேட்டாவில் 4.14ஐ இறக்கினான். ஹோஸ்ட் இஸ் டவுன். இன்னும் வெளியாகாத 4.15இன் சோதனைப் பதிப்பு. அதே ஹோஸ்ட், அதே டவுன். புதுசு என்றால் நல்லது என்ற நம்பிக்கை மதியத்துக்குள் போய்விட்டது. சரி, பின்னால் போவோம் என்று 4.11, 4.12. இரண்டிலும் படங்கள் வந்தன.

ஆக, 4.12க்கும் 4.13க்கும் நடுவில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் சுமார் 13,000 மாற்றங்கள். கிட் பைசெக்ட் என்று ஒரு வித்தை இருக்கிறது. நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்து, பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதியில் மறுபடி நடு. பதினாலு தடவையில் குற்றவாளி சிக்கிவிடுவான். ஆனால் பதினாலு தடவையும் கெர்னலை கம்பைல் செய்ய வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் இருந்த லட்சணத்துக்கு மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் ஸ்டுடியோவிலேயே கழிந்திருக்கும்.

அப்போதுதான் டிமெசேஜ் பார்க்கலாமே என்று தோன்றியது. காலையிலிருந்து ஐந்து கெர்னல் மாற்றியவன், கெர்னல் என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! 4.13இலேயே தெளிவாக எழுதியிருந்தது: மவுன்ட் செய்யும்போது எந்த வெர்ஷன் என்று சொல்லவில்லை, இனி எஸ்எம்பி1 தானாக வராது, பழைய சர்வருக்கு அதுதான் வேண்டுமென்றால் வெர்ஸ் 1.0 என்று குறிப்பிடவும்.

அவ்வளவுதான் விஷயம். பிழையே இல்லை, வேண்டுமென்றே செய்த மாற்றம். எஸ்எம்பி 1980களில் ஐபிஎம்மில் பிறந்த சமாச்சாரம். வானாக்ரை பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அதே 2017 செப்டம்பர் 3ஆம் தேதி வெளியான 4.13இல், லினக்ஸ் முன்னிருப்பாக எஸ்எம்பி 3.0 பேச ஆரம்பித்தது. 4.13.5 முதல் 2.1க்கு மேல் எது ஒத்துவருகிறதோ அது. லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியீட்டு அறிவிப்பிலேயே இதைத் தனியாகச் சொல்லியிருந்தார். (அந்த வாரம் அவர் சிறுநீரகக் கல்லில் துடித்த கதையும் அதே அறிவிப்பில் உண்டு.) யார் படிக்கிறார்கள்?

ஒன்பது வயசுப் பொட்டிக்கு எஸ்எம்பி1 தவிர எதுவும் தெரியாது. புது பாஷையில் கூப்பிட்டதும் அது போனை வைத்துவிட்டது. கெர்னலோ ஆளே ஊரில் இல்லை என்று எழுதிவிட்டது.

எப்எஸ்டேபில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தான். 4.13லேயே பொட்டி திறந்தது. காரணத்தை அப்பாவிடம் விளக்கியபோது, "அப்ப அந்த வைரஸ் வந்த கதவைத்தான் திறந்து வெச்சிருக்கியா?" என்று கேட்டார். ஓட்டை விண்டோஸில்தான், பொட்டியில் இல்லை என்றான் பையன். ஆனாலும் பழைய எஸ்எம்பியில் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும். சாயங்காலமே பெரியகடை வீதியில் 1 டிபி டிஸ்க் வாங்கி வந்து காப்பி போட்டான். நொடிக்கு 10 எம்பி வேகம். பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடி, மறுநாள் பொங்கப்பானை இறக்கிப் படையல் போட்ட பிறகுதான் முடிந்தது.

பொட்டியை மாற்றும் வரைக்கும்தான் என்று எப்எஸ்டேபில் அந்த வரிக்கு மேல் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பினான். சித்திரை லீவுக்கு வந்தபோதும் அது அப்படியே இருந்தது. புது டிஸ்க் மட்டும் பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில்.