சடையங்குப்பத்தில் ஒரு ரங்கூன் விருந்து

பர்மாவுக்குப் போய் வர எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுகிறீர்களா? வேண்டாம், அம்மா! திருவொற்றியூருக்கு ஒரு பஸ் டிக்கெட் வாங்குங்கள். அங்கிருந்து மேற்கே ஆட்டோவில் போனால் சடையங்குப்பம். ஒரு பக்கம் மணலித் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். மறு பக்கம் கொசஸ்தலை ஆறு. பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் ஆறு வீட்டுக்குள்ளேயே வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும்! இங்கேதான் பர்மா நகர் இருக்கிறது.

பெயர் வந்த கதை தெரியுமோ? 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக் கொண்டது. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பர்மா பஜாரை 1969-ல் தொடங்கியவர்களும் இவர்கள்தாம்.

எனக்கு விருந்திட்ட பாட்டி, பத்து வயதில் அப்படி வந்தவர்.

"எங்கம்மா கழுத்துல கெடந்ததைக் கழட்டிக் குடுத்துட்டுத்தான் கப்பலேறுச்சு. கைப்பக்குவத்தை யாரால பிடுங்க முடியும், சொல்லும்மா?" என்றார்.

அந்தக் கைப்பக்குவத்தின் பெயர் மொஹிங்கா. கடலை மாவில் காய்ச்சும் காரமான குழம்பு. பர்மாக்காரர்களுக்குக் காலைப் பலகாரம். பாட்டிக்கு அளவெல்லாம் உள்ளங்கைதான். நான் அதைக் கிண்ணத்தில் கொட்டி அளந்து வந்தேன்.

நாலு பேருக்கு அரைக் கிண்ணம் கடலை மாவு போதும். பச்சை வாசனை போக வெறும் வாணலியில் வறுத்து ஆற விடுங்கள். இரண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, நாலு மிளகாய் வற்றல், சிறிது மஞ்சள் தூள் இவற்றை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை நிதானமாக வதக்குங்கள். அவசரப்பட்டால் வெங்காய வாடை போகாது. ஆறு கிண்ணம் தண்ணீர் விட்டு, நசுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டும், நறுக்கிய வாழைத்தண்டும் போடுங்கள். வேக வைத்து முள் நீக்கிய மீனைச் சேருங்கள்.

மாவைக் கரைப்பதில்தான் சூட்சுமம். பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். நான் வீட்டில் கொதிக்கும் குழம்பிலேயே மாவைத் தூவினேன். மேல்மாவு உடனே வெந்து கட்டியாகி, உள்மாவு அப்படியே நின்றுவிட்டது. குழம்பு கேட்ட என் கணவருக்குக் கொழுக்கட்டை கிடைத்தது!

அரைமணி நேரம் சிறு தீயில் கொதிக்கட்டும். அரிசிச் சேவையின் மேல் தாராளமாக ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்தமல்லியும் அவித்த முட்டையும் வைத்து, மொறுமொறுப்பான பருப்பு வடையை நொறுக்கிப் போட்டால் மொஹிங்கா தயார்.

"மீன் சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

பாட்டியின் முகம் வாடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது நினைவிருக்கிறதல்லவா? மீன் வாங்கவே மனம் வராத அந்த நாட்களில், வாழைத்தண்டை இரட்டிப்பாகப் போட்டுக் காய்ச்சினாராம். "ருசி கொஞ்சம் கொறைச்சல்தான். ஆனா அடுப்பை அணைச்சுட்டு உக்கார முடியுமா?"

அவருடைய பேத்திக்கு வேலைக்குப் போகவே நேரம் போதவில்லை. கடையில் அத்தோ வாங்கிச் சாப்பிடுவதோடு அவளுடைய பர்மா முடிந்துவிடுகிறது. "நீயாவது எழுதி வெச்சுக்கோம்மா" என்றார் பாட்டி. எனக்கு மட்டும் எழுதி வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, உங்களுக்கும் எழுதிவிட்டேன்.

மறுவாரம் கட்டியில்லாமல் காய்ச்சினேன். என் பெண் இரண்டாம் முறை தட்டை நீட்டி, "இது எந்த ஊர்க் குழம்பும்மா?" என்றாள்.

ரங்கூன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சடையங்குப்பம்" என்றுதான் வந்தது.