ஒரு நாள் நாயனம்!

தூத்துக்குடியில் ஏரல் போகிற பஸ்ல ஏறி ஜன்னல் சீட் பிடிச்சாச்சா? சூப்பர். காதுல மாட்டியிருக்கிற ஹெட்போனைக் கழற்றிப் பையில வைங்க. துறைமுகத்து லாரிகளின் இரைச்சல் பின்னால போகும். பனை மரங்கள் ஒவ்வொண்ணா எட்டிப் பார்க்கும். இருபது கிலோமீட்டருக்குள்ள சாயர்புரம் வந்துடும்.

‘இங்க என்ன இருக்கு? பீச் இல்ல, அருவி இல்ல’ன்னு முகத்தைச் சுளிக்காதீங்க பாஸ். ஊர் பேருக்குப் பின்னால சாயர் என்ற வணிகர் இருக்கார். 1842-ல் இங்கே வந்து பாடசாலை நடத்திய ஜி.யு.போப் இருக்கார். அப்போ அவருக்கு வயசு இருபதுகளின் தொடக்கம். அதாவது, உங்க செட்! அவர்தான் பின்னாளில், 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். அவர் பேரைத் தாங்கி 1962-ல் தொடங்கிய போப் கல்லூரியும் இந்த ஊர்லதான்.

ஆனா, இன்னிக்கு நாம பார்க்கப் போறது கட்டடம் இல்லை. ஒரு இலை. மஞ்சள் பூ, இதய வடிவ இலை, கடலோர ஊர்கள்ல எங்கே திரும்பினாலும் நிற்கிற மரம். யெஸ், பூவரசு!

பீப்பீ செய்வது எப்படி?

உங்க அப்பாகிட்ட ‘பூவரசு’ன்னு சொல்லிப் பாருங்க. உடனே ரெண்டு விஷயம் சொல்வார். ஒண்ணு, அதன் காயில் குச்சி செருகிச் சுத்தின பம்பரம். இன்னொண்ணு, இலையைச் சுருட்டி ஊதின பீப்பீ. உங்களுக்குச் செய்யத் தெரியுமா? தெரியாதுன்னா, கொஞ்சம் கிட்ட வாங்க.

குருத்து இலை வேண்டாம், துவண்டுடும். முற்றின இலையும் வேண்டாம், முறிஞ்சிடும். நடுத்தரமா ஒண்ணு பறிச்சு காம்பைக் கிள்ளிடுங்க. ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு பென்சில் கனத்துக்கு இறுக்கமா சுருட்டுங்க. ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை கொஞ்சம் விரிஞ்சும் இருக்கட்டும். குறுகின முனையை விரலால லேசா அமுக்கித் தட்டையாக்குங்க. அதை உதட்டுக்கு நடுவுல வெச்சு ஊதுங்க.

‘புஸ்’ஸுன்னு வெறும் காத்துதான் வருதா? அமுக்கினது பத்தலை. காத்தே போகலையா? ஜாஸ்தி அமுக்கிட்டீங்க. நாலாவது இலையில ‘பீ...ப்பீ...’ன்னு ஒரு சத்தம் கிளம்பும் பாருங்க, பக்கத்துல தூங்குற நாய் எழுந்து ஓடும்!

தென்னை ஓலையிலும் இது உண்டு. ஈர்க்கை உரிச்சுட்டு ஓலையைச் சுற்றிச் சுற்றி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி கூம்பு செய்யணும். அவிழாம இருக்க ஈர்க்கைக் குத்தணும். குறுகின வாயில சின்ன ஓலைத் துண்டை மடிச்சுச் செருகினா நாயனம் ரெடி!

இது விளையாட்டுச் சாமானா?

நாயனம்னு சும்மா சொல்லலை. நாகஸ்வர வித்வான் வாயில வைக்கிற சீவாளியைப் பார்த்திருக்கீங்களா? நாணல் வகைத் தட்டையில செய்யறது அது. ரெண்டு மெல்லிய பட்டைகள் நெருக்கமா இருக்கும். காத்து நடுவுல போகும்போது அவை மூடித் திறந்து, மூடித் திறந்து அதிரும். அந்த அதிர்வைக் கூம்பு வடிவக் குழாய் வாங்கி வளர்த்து வெளியே தரும். உங்க கையில இருக்கிற இலையிலும் அதேதான் நடக்குது. அமுக்கின முனைதான் சீவாளி. விரிஞ்ச பக்கம்தான் அணசு. சந்தேகமா? இலைச் சுருளின் விரிஞ்ச பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கிள்ளிக்கிட்டே ஊதுங்க. குழாய் குட்டையாகக் குட்டையாகச் சுருதி ஏறும். ஃபிஸிக்ஸ் லேப்ல ரெக்கார்டு நோட்டு போட்டுப் படிச்சது இங்க ஓசியில!

இதே தென்சீமையில பிறந்தவர்தான் காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964). ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்துல எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாகஸ்வரம் அவருடையது. அந்த நாயனத்துக்கு ஆச்சா மரம் வேணும், கைதேர்ந்த ஆசாரி வேணும், வருஷக்கணக்கா சாதகம் வேணும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைச்சது. நம்ம பீப்பீக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு இலை, ஒரு வாய். ஆனா, சாயங்காலம் இலை வாடினா கச்சேரி முடிஞ்சது!

நார்வேக்கு ஒரு ஜம்ப்

‘ஒரு நாள்ல வாடிப்போற சாமானுக்கு இவ்வளவு பில்டப்பா?’ன்னு நீங்க கேட்கிறது கேட்குது. அதனால ஒரு ஜம்ப். பூமிப் பந்தின் வட உச்சியில இருக்கிற நார்வே.

அங்கேயும் இப்படி ஒரு ஊதுகுழல் இருக்கு. பேரு ‘செல்யெஃப்ளோய்ட்டெ’. நாக்கு சுளுக்கினா ‘வில்லோ பட்டைக் குழல்’னு வெச்சுக்கலாம். நம்ம ஆளுங்க சிக்ஸர் அடிக்கிற கிரிக்கெட் பேட் எந்த மரத்துல செய்யறாங்களோ, அதுக்குச் சொந்தக்கார மரம். பனிக்காலம் முடிஞ்சு வசந்தம் வரும்போது மரத்துக்குள்ள சாறு ஏறும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழவழப்பு வரும். அந்தச் சில வாரங்கள்லதான் வேலை நடக்கும். நேரான கிளையை வெட்டி, கத்திப் பிடியால பட்டையைச் சுத்திலும் தட்டி, மெல்லத் திருகினா, பட்டை முழுசா உருவிக்கிட்டு வரும். உறையிலிருந்து வாளை உருவற மாதிரி! அந்தப் பட்டைக் குழாய்தான் குழல். காய்ஞ்சா வெடிச்சிடும். அடுத்த குழலுக்கு அடுத்த வசந்தம்.

அந்தக் குழல்ல ஒரு விசேஷம், விரல் வைக்கத் துளையே கிடையாது. மறுமுனையை ஒரு விரலால மூடித் திறப்பாங்க. மூச்சைக் கூட்டிக் குறைப்பாங்க. அவ்வளவுதான். திறந்திருக்கும்போது ஒரு வரிசை ஸ்வரம். மூடினா, இடையில விழுற இன்னொரு வரிசை. ரெண்டையும் பின்னினா மெட்டு. அது ஹார்மோனியக் கட்டைக்கு அடங்காத ஸ்வர வரிசை. உதாரணத்துக்கு, அதுல வர்ற மத்யமம் நம்ம சுத்த மத்யமமும் இல்லை, பிரதி மத்யமமும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல ஊஞ்சலாடும்.

‘ஆடு மாடு மேய்க்கிற பசங்க ஊதறது. சுருதி தப்பு’ன்னு ஒதுக்கிட்டுப் போயிருக்கலாம். ஒருத்தர் போகலை. பேரு எய்விண்ட் குரூவன் (1901 - 1977). கிராமத்து இசையில வளர்ந்தவர், இசையமைப்பாளர். ‘இது தப்பு சுருதி இல்லை, இயற்கையோட சுருதி’ன்னு கணக்குப் போட்டுக் காட்டி, இயற்கை ஸ்வர வரிசை பற்றி 1927-ல் புத்தகமே எழுதினார். அதோட நிற்காம, சுத்தமான சுருதியில ஒலிக்கிற ஆர்கனையும் உருவாக்கினார். இன்னிக்கு அங்கே நாட்டுப்புறக் கலைஞர்கள் அந்தக் குழலை மேடையில வாசிக்கிறாங்க. வருஷம் முழுக்க வாசிக்கணுமே? அதுக்கு பிளாஸ்டிக் பைப்புல செஞ்சுக்கிறாங்க. நம்ம வீட்டு பி.வி.சி. பைப்தான்!

நம்மகிட்ட இல்லாததா?

ஊதுறதுக்கு மொத்தம் மூணு வழிதான் பிரதானம். ஒண்ணு, காத்தை ஒரு விளிம்புல மோதவிடுறது. புல்லாங்குழலும் நார்வேக் குழலும் இந்த ரகம். ரெண்டாவது, நாக்கு மாதிரி ஒரு பட்டையை அதிரவைக்கிறது. நாயனம், மகுடி, நம்ம பீப்பீ எல்லாம் இந்தக் கட்சி. மூணாவது, உதட்டையே அதிரவைக்கிறது. அதுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், ஒரு காலத்துல முத்துக்குளிச்ச இந்தக் கடலுக்குள்ளேயே கிடக்கு. சங்கு! பக்கத்துல இருக்கிற கொற்கையில அகழாய்வு செஞ்சப்போ, அறுத்த சங்குத் துண்டுகள் கிடைச்சிருக்கு. சங்குலயும் விரல் துளை கிடையாது, கவனிச்சீங்களா?

இன்னும் பின்னால போகலாம். பெரும்பாணாற்றுப்படையில கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு மாடு மேய்க்கிற பையனைக் காட்டுறார். தீக்கடைகோல் நெருப்பால துளை போட்டு அவனே குழல் செய்யறான். அது அலுத்ததும் குமிழ மரக் கொம்பை வளைச்சு, மரல் நாரைக் கட்டி, ஒரு யாழும் செய்யறான். கடைக்குப் போகலை, காசு கொடுக்கலை. காட்டுல கிடைச்சதை வெச்சு கச்சேரி. பூவரசு இலையைச் சுருட்டின ஒவ்வொரு பிள்ளையும் அவனோட வாரிசுதான்.

அப்போ என்ன பிரச்னை?

பழைய நாகஸ்வரத்தை மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கலாம். பழைய சங்கை வைக்கலாம். பூவரசு பீப்பீயை வைக்க முடியுமா? மறுநாளே சருகு. அது தங்கியிருக்கிற ஒரே இடம் மனுஷங்க விரல் நுனி. அஞ்சாங்கிளாஸ் அண்ணன் மூணாங்கிளாஸ் தம்பிக்குக் காட்டிக் கொடுத்து, அவன் இன்னொருத்தனுக்குக் காட்டி... இப்படித்தான் இத்தனை காலம் ஓடி வந்திருக்கு. நடுவுல ஒரு தலைமுறை காட்டிக் கொடுக்க மறந்தா போதும். மரம் அப்படியே நிற்கும், இலை துளிர்க்கும், பீப்பீ மட்டும் இருக்காது. மரம் போனா நாலு பேராவது கேள்வி கேட்பாங்க. இது போனா ஒருத்தருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இப்போ கணக்குப் பாருங்க. செய்யத் தெரிஞ்ச கடைசி செட் உங்க அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி. கத்துக்க வேண்டிய குட்டீஸ் தெருவுல இருக்காங்க. நடுவுல நிற்கிறது யாரு? நீங்கதான் மக்கா!

பெரிய போராட்டம் எல்லாம் வேண்டாம். அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல கிராமத்துல ஏழு நாள் தங்குவீங்கல்ல? ஒரு சாயங்காலத்தை இதுக்கு ஒதுக்குங்க. ஊர்ப் பெரியவங்களைக் கூப்பிட்டு உட்காரவெச்சு, என்னென்ன இலையில, தண்டுல, ஓலையில ஊதினாங்கன்னு கேளுங்க. பப்பாளி இலைத் தண்டுல ஊதினவங்க நிச்சயம் ரெண்டு பேர் இருப்பாங்க. அவங்க செய்யறதை உங்க மொபைல்ல வீடியோ எடுங்க. விரல் எப்படி மடங்குதுங்கிறதைக் கிட்டப் போய் எடுங்க. மியூசிக் தெரிஞ்ச ஃப்ரெண்டு இருந்தா, எந்த நீளத்துக்கு என்ன சுருதின்னு குறிச்சு வைக்கச் சொல்லுங்க. குரூவன் வேலையை ஆரம்பிச்சதும் கிட்டத்தட்ட இங்கேர்ந்துதான். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில சிலுவை மடிக்கிற பிள்ளைங்களைப் பார்த்தா, மிச்ச ஓலையைச் சுத்தி பீப்பீயும் செஞ்சு காட்டுங்க. பவனி முடிஞ்சப்புறம்தான், சரியா? இல்லேன்னா ஐயர்கிட்ட மாட்டிக்குவீங்க!

ஒரே ஒரு கண்டிஷன். கிளையை ஒடிக்காதீங்க, மரத்தைச் சுரண்டாதீங்க. ஆளுக்கு ஒரு இலை, அவ்வளவுதான்.

சாயர்புரத்துல இறங்கியாச்சா? ரோட்டோரம் பூவரசு நிற்குதான்னு பாருங்க. பக்கத்துல ஒரு பொடியன் சும்மா நின்னுக்கிட்டு இருப்பான். ஒரு இலையைப் பறிச்சு அவன் கையில கொடுங்க. மொத இலை கிழியும், ரெண்டாவது ‘புஸ்’ஸாகும். பொறுமையா இருங்க. நாலாவது இலையில அவன் மூஞ்சியைப் பாருங்க!