400 பக்கங்களில் ஒரு கணினி

எந்தப் பொருளின் விலையைச் சொன்னாலும் அந்த ஒடிசா நண்பர் அதைப் பக்கங்களாக மாற்றிக்கொள்வார். தில்லியில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர். தேசியத் தகுதித் தேர்வின் உதவித்தொகை கிட்டாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் மாதம் 8,000 ரூபாய்தான் அவருடைய நிலையான வருமானம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்ந்தபோதும் அந்த 8,000 அசையவில்லை. ஒரே தாழ்வாரத்தில் வசித்து, ஒரே மெஸ்ஸில் ஒரே பருப்பை உண்கிறவர்களுக்குள் எவ்வளவு பொருளாதார வேறுபாடு இருக்க முடியும் என்பதை விடுதியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பற்றாக்குறையை அவர் மொழிபெயர்ப்பால் நிரப்பினார். ஆங்கிலத்திலிருந்து ஒடியாவுக்கு, பக்கம் ஒன்றுக்கு 150 ரூபாய். செருப்பு 4 பக்கம். கண்ணாடி மாற்றினால் 12 பக்கம்.

இரண்டரை ஆண்டு இப்படிச் சேர்த்த பணம் 2024 கோடையில் 60,000 ரூபாயைத் தொட்டது. 400 பக்கம். அதைக் கொண்டு விளையாட்டுக்கான கணினி ஒன்றை வாங்க வேண்டும், உதிரிகளைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும் என்று எதிர் அறையில் இருந்த மொழியியல் ஆய்வாளரிடம் வந்து நின்றார்.

மொழியியலாளர் தமிழர், பேச்சொலியியல் படிப்பவர். விடுதியில் யாருடைய கணினி நின்றாலும் அவர் கதவுதான் தட்டப்படும். அவர் முதலில் சொன்னது பெரும்பாலோர் சொல்லியிருக்கக்கூடியதே. நல்ல மடிக்கணினி வாங்கினால் ஆய்வேட்டுக்கும் ஆகும், ஆவணக்காப்பகத்துக்கும் கொண்டுபோகலாம். விளையாட்டு பட்டம் பெற்ற பிறகு. நண்பர் மறுக்கவில்லை, வாதிடவும் இல்லை. "விளையாடுகிற கணினிதான் வேண்டும்" என்று மட்டும் மறுபடியும் சொன்னார்.

அன்றிரவு தொடங்கிய பாடம் ஒரு வாரம் நீண்டது. மொழியியலாளர் கணினி உதிரிகளின் பெயர்களை உருபனியல் வகுப்பு போல நடத்தினார். இன்டெல் செயலியின் பெயரில் 12400 என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, அடுத்த மூன்று அந்தத் தலைமுறைக்குள் அதன் தரம். இறுதியில் 'எஃப்' என்ற விகுதி வந்தால் அதற்குள் காட்சியை உருவாக்கும் பகுதி இல்லை. ஏஎம்டியில் வழக்கம் நேர்மாறு: ரைசன் 5600 என்று வெறுமனே நின்றால் காட்சிப் பகுதி கிடையாது, 'ஜி' ஒட்டினால்தான் உண்டு. இந்த இலக்கணத்திலும் விதிவிலக்குகள் ஏராளம். ரைசன் 5500 என்பது 5600-இன் தம்பி போல ஒலித்தாலும் உண்மையில் 5600ஜி-யின் உடல், காட்சிப் பகுதி மட்டும் அணைக்கப்பட்டது. விரைவு நினைவகம் 5600-இல் 32 எம்பி, அதில் 16. கிராஃபிக்ஸ் அட்டைகளிலோ ஒரு சொல் பல பொருள் என்னும் சிக்கல். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி அட்டையும் உண்டு, 2024 தொடக்கத்தில் வந்த 6 ஜிபி அட்டையும் உண்டு. குறைந்தது நினைவகம் மட்டுமல்ல. உள்ளிருக்கும் கணிப்பகங்களும் 2,560-இலிருந்து 2,304 ஆகக் குறைந்துவிட்டன. பெயரைக் கேட்டு வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

வரலாற்றாசிரியர் இதையெல்லாம் ஆவணம் படிப்பவரின் பொறுமையுடன் குறித்துக்கொண்டார். பழைய கிராஃபிக்ஸ் அட்டைகள் மலிவாய்க் கிடைக்கின்றனவே என்று ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு அதை அட்டைகளில் 'தோண்டும்' தொழில் முடிந்துபோனது. இரவும் பகலும் ஓடித் தேய்ந்த அட்டைகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. 2017-இல் வெளியான ஆர்எக்ஸ் 580 போன்றவை அப்படி வந்தவையே. சில நன்றாகவே உழைக்கும். ஆனால் கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கக்கூடியவர் செய்ய வேண்டிய சூதாட்டம் அது.

கடைசியில் பட்டியல் உருவானது. ரைசன் 5600 செயலி 12,000. பி450 தாய்ப்பலகை 6,000. 8 ஜிபி ரேம் இரண்டு, 3,600. 16 ஜிபி ஒன்றாக வாங்குவதைவிட இரண்டாக வாங்கினால் இரு வழியாகத் தரவு ஓடும் என்பதால். 1 டிபி எஸ்எஸ்டி 5,200. ஆர்எக்ஸ் 6600 அட்டை 21,000. எஸ்எம்பிஎஸ் 4,000, கேபினெட் 3,000, புதிய மானிட்டர் 8,500, விசைப்பலகையும் மவுஸும் 1,100, ஹெட்ஃபோன் 1,950. மொத்தம் 66,350. எட்டாத உயரம் ஒன்றுமில்லை. ஆனால் மிஞ்சிய 6,350 ரூபாய் 42 பக்கத்துக்கு மேல், அதாவது ஒரு மாதத்து இரவுகள்.

வெட்டத் தொடங்கினார்கள். எஸ்எஸ்டியைப் பாதியாக்கியதில் 2,000 குறைந்தது. விடுதியை விட்டுப் போகும் மூத்த ஆய்வாளர் ஒருவர் தம் மானிட்டரை 4,500-க்குத் தந்தார். கேபினெட்டில் 500. "எஸ்எம்பிஎஸ் ஏன் 4,000? வெறும் மின்சாரம் தருவதுதானே? 1,200-க்கும் இருக்கிறதே" என்றார் நண்பர். மொழியியலாளர் அந்த இடத்தில் மட்டும் இறங்கவில்லை. விடுதி மின்சாரம் எப்படித் துள்ளும் என்பது இருவருக்கும் தெரியும். மலிவான எஸ்எம்பிஎஸ் சாகும்போது பெரும்பாலும் தனியாகச் சாவதில்லை. தாய்ப்பலகையில் பி550 எடுத்திருந்தால் அந்த அட்டை முழு வேகத்தில் உரையாடும். பி450-இல் சற்றே இழப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த இழப்பை மனமறிந்து ஏற்றார்கள். ஹெட்ஃபோனை அடித்தபோது இருவரும் யோசிக்கவே இல்லை. அறையில் பழைய சிறு ஒலிபெருக்கிகள் கிடந்தன. பேச்சொலியை ஆய்வதே தொழிலாகக் கொண்டவர் அந்த ஒரு வாரம் முழுக்கக் கண்ணுக்கு வேண்டியதையே எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பின்னாளில்தான் அவருக்கு உறைத்தது.

நேரு பிளேஸுக்குப் போகும் மெட்ரோவில்தான் நண்பர் தம்பியைப் பற்றிச் சொன்னார். கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள் சூரத்தின் விசைத்தறிகளுக்குப் போவது தலைமுறைப் பழக்கம்; தம்பியும் 10-ஆம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, சில காலம் உள்ளூரில் வேலை பார்த்துவிட்டு, அங்கே போய் ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை. அண்ணன் முதுகலை முடித்ததும், முதல் இரண்டு ஆண்டு தில்லியில் தாக்குப்பிடித்ததும் அந்தத் தறியின் பணத்தில். சிறுவர்களாக இருந்தபோது பிரம்மபூரில் ஒரு இன்டர்நெட் கடையில் மணிக்கு 15 ரூபாய் கொடுத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு இருக்கும். "அவன் ஆடினால் கடையே அவன் பின்னால் வந்து நிற்கும். நான் ஐந்து நிமிடத்தில் செத்துப்போய் அவனிடம் கொடுத்துவிடுவேன்." தீபாவளிக்குத் தறிகள் மூடும்போது தம்பி தில்லிக்கு வருவதாக இருந்தது. மொழியியலாளர் அதன் பிறகு மடிக்கணினியைப் பற்றிப் பேசவில்லை.

கடைத்தெருவில் நடந்தவை அங்கே போனவர்கள் ஊகிக்கக்கூடியவை. நிறம் மாறி மாறி எரியும் விளக்குகளுடன் ஒரு பெட்டியைக் காட்டி, "ஐ7, பையா, 25,000, இப்போதே எடுத்துப் போகலாம்" என்றார் ஒருவர். நண்பர் குனிந்து ஒட்டுத்தாளைப் படித்தார். 4770. "நான்காம் தலைமுறை, 2013" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். பன்னிரண்டாம் தலைமுறையின் கடைக்குட்டி ஐ3-கூட அதை வெல்லும் என்பது அவர் நோட்டில் இருந்தது. பாடம் எடுத்தவருக்கு அன்று கிடைத்த பெருமை சிறியதல்ல.

பேரம் முடிந்து 52,300-க்கு வந்தபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்: பக்கா பில்லா, கச்சாவா? கச்சா என்றால் 2,500 குறையும். கிட்டத்தட்ட 17 பக்கம். நண்பர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு கணம் நின்றார். அந்த 17 பக்கங்களும் அவர் முகத்தில் ஓடின. அட்டைக்கு மூன்றாண்டு உத்தரவாதம், இரண்டாம் ஆண்டில் அது நின்றுபோனால் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் வேண்டும் என்று மொழியியலாளர் மெல்லச் சொன்னார். ஆவணங்களின் மதிப்பை வரலாற்று மாணவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கா பில்.

அன்றிரவு விடுதிக் கட்டிலில் செய்தித்தாள் விரித்துப் பொருத்தினார்கள். செயலியுடன் வந்த விசிறியைத் திருக, பலகையில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம். ரேம்கள் இரண்டாவது, நான்காவது துளைகளில். ஒன்றரை மணிக்குப் பொத்தானை அழுத்தினார்கள். விசிறி சுழன்றது, மானிட்டர் இருண்டே இருந்தது. மறுபடி கழற்றி மறுபடி பொருத்தினார்கள். மறுபடியும் இருட்டு. நண்பர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். 400 பக்கங்களும் தீர்ந்துபோன மனிதரின் உட்காரல். மானிட்டரின் கம்பி தாய்ப்பலகையில் செருகப்பட்டிருந்தது. 'ஜி' விகுதி இல்லாத செயலிக்கு அந்தத் துளை வெறும் அலங்காரம். கம்பி அட்டையில் செருகப்பட வேண்டும். ஒரு வாரம் விகுதி நடத்தியவர் தாமே செருகியது. அதை அவர் நெடுநாள் வெளியில் சொல்லவில்லை.

லினக்ஸ் நிறுவினார்கள். உரிமத்துக்குப் பணம் இல்லை. ஆர்எக்ஸ் அட்டைக்கு அதில் தனியே இயக்கி தேட வேண்டியதில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 அதில் நேராகவே ஓடும். மீதியிருந்த 2,100 ரூபாயை நண்பர் ஓர் உறையில் போட்டு நோட்டுக்குள் வைத்தார். அடுத்த கோடைக்கு ஒரு கூடுதல் விசிறிக்கு.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தம்பி வந்தார். ஒல்லியானவர், பேச்சு குறைவு, பேசினால் உரக்க. விடுதி இணையம் விளையாட்டுகளைத் தடுத்திருந்ததால் கணினியே ஆட்டும் எதிரிகளோடுதான் ஆட முடிந்தது. டஸ்ட் 2 வரைபடம் திரையில் விரிந்ததும் அவர் சிரித்தார். பிரம்மபூர்க் கடையில் பார்த்த அதே சந்துகள், அதே இரட்டைக் கதவு. முதல் சில நிமிடம் கை தடுமாறியது. பிறகு விரல்கள் எல்லாவற்றையும் நினைவுகூர்ந்தன. குறி தப்பவில்லை. ஆனால் பின்னாலிருந்து வருகிறவர்களிடம் மறுபடி மறுபடி செத்தார். ஒலியைக் கூட்டினார். முழுதும் கூட்டினார். "அண்ணா, உன் கணினியில் காலடிச் சத்தம் வரவில்லை. பழைய ஆட்டத்தில் வரும்" என்றார்.

நண்பர் அமைப்புகளைத் திறந்து தேடத் தொடங்கினார். கதவருகே நின்றிருந்த மொழியியலாளருக்குக் காலடிகள் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. சரளையில் ஒன்று, பலகையில் ஒன்று.

மறுநாள் உறையிலிருந்த பணத்தில் ஹெட்ஃபோன் வாங்கினார்கள். 1,950. "13" என்றார் நண்பர். அறைக்குத் திரும்பியதும் மொழியியலாளர் தம் மடிக்கணினியில் ப்ராட் மென்பொருளைத் திறந்து, தூய ஒலிகளை ஒவ்வொன்றாக உருவாக்கி, கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார். தம்பி இதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். 500 ஹெர்ட்ஸ், கை உயர்ந்தது. 1,000, 2,000, உயர்ந்தது. 4,000-இல் கை முழங்காலிலேயே இருந்தது. ஒலியைப் படிப்படியாகக் கூட்டினார். இன்னும் கூட்டினார். இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது முதலில் இழப்பது அந்த அலைவெண்ணை ஒட்டித்தான் என்று பாடநூல்களில் அவர் படித்திருந்தார். ஸகரம் போன்ற உரசொலிகளின் வலுவும் அந்த உயரங்களில்தான் குவியும். இது முறையான பரிசோதனை அல்ல, காது மருத்துவரிடம் போக வேண்டும் என்று அண்ணனிடம் தனியாகச் சொன்னார். நண்பர் தலையசைத்தார். எத்தனை பக்கம் என்று கேட்கவில்லை.

சூரத்துக்குத் திரும்பும் நாளில் நண்பர் மருந்துக்கடையில் பஞ்சு போன்ற காதடைப்பான்கள் இரண்டு ஜோடி வாங்கி வந்தார். 40 ரூபாய்; கால் பக்கத்துக்குச் சற்று மேல். தம்பி அவற்றை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இதை வைத்துக்கொண்டால் நூல் அறுந்தது எப்படித் தெரியும்? தறியின் சத்தம் மாறுவதை வைத்துத்தானே ஓடுகிறோம்" என்றார்.

பிறகு அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.