எதிர் வீட்டு அக்கா

2023ஆம் ஆண்டு எங்கள் தந்தையாரின் பணி நிமித்தம் நாங்கள் குடும்பத்தோடு சீன நாட்டின் சூச்சௌ நகருக்குச் சென்றோம். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் திரும்பி வந்தோம். கால்வாய்களும் கல் பாலங்களும் நிறைந்த அழகிய ஊர் அது. அதன் அழகைப் பற்றி எழுதுவோம் என நீங்கள் எதிர்பார்க்கலாம். நாங்கள் எழுத வந்ததோ, அங்கே எங்கள் எதிர் வீட்டில் இருந்த அக்காவைப் பற்றி.

அவரை நாங்கள் 'ஜியேஜியே' என்போம். அக்கா என்று பொருள். அவர் எங்கள் இருவரையும் 'மெய்மெய்' என்பார். சீனத்தில் அது தங்கை. தமிழில் அதற்கு 'உண்மை, உண்மை' என்று பொருள் என நாங்கள் சொன்ன அன்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய தாயாரை அழைக்கும் சீனச் சொல்லுக்குச் சித்தி என்றே பொருள் கொள்ளலாம் என்பதால், வீட்டில் எங்களுக்கு அவர் சித்தியே ஆனார்.

சீனத்தில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் எழுதும் பெருந்தேர்வுக்குக் 'காவ்காவ்' என்று பெயர். ஆண்டுதோறும் ஜூன் 7ஆம் நாள் தொடங்கும். சூச்சௌ அடங்கிய ஜியாங்சு மாநிலத்தில் மூன்று நாள்கள் நடக்கும். சீன மொழி, கணிதம், அயல்மொழி ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண்; மாணவர் தேர்ந்தெடுக்கும் மூன்று பாடங்களுக்கு நூறு நூறு; ஆக மொத்தம் 750. 2025இல் நாடு முழுவதும் 1 கோடியே 33 லட்சத்துக்கு மேற்பட்டோர் இதற்குப் பதிவு செய்தனர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் பத்தாண்டுகள் நின்றுபோயிருந்த இத்தேர்வு 1977ஆம் ஆண்டு குளிர்காலத்தில் மீண்டும் நடந்தபோது, எழுதிய 57 லட்சம் பேரில் இடம் கிடைத்தது ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மட்டுமே. அக்காவின் தாத்தா அன்று இடம் கிடைக்காமல் திரும்பியவர். ஐம்பது ஆண்டு ஆகப் போகிறது. ஆனாலும் அந்தக் கணித வினாத்தாளை அவர் இன்னும் திட்டுவார்.

நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எண்ணி நாம் நடுங்குகிறோமே, அதைப்போல் பல மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் அக்கா அந்தத் தேர்வையே எழுதப் போவதில்லை!

அதன் காரணம் எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அங்கே பதினைந்து வயதில் ஒரு தேர்வு உண்டு. அதன் பிறகே எந்த உயர்நிலைப் பள்ளி என்பது முடிவாகும். அக்கா அதை எழுதியதும், பெற்றோர் அவரை ஓர் உயர்நிலைப் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் சேர்த்துவிட்டனர். அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில். தேர்வு இங்கிலாந்தின் ஏ-லெவல் தேர்வு. சில பள்ளிகளில் அமெரிக்காவின் ஏ.பி. பாடங்களும், வேறு சிலவற்றில் ஐ.பி. என்னும் பாடத்திட்டமும் உண்டு. எதில் சேர்ந்தாலும் சீனப் பாடத்திட்டம் கைவிட்டுப் போகும். சட்டப்படி காவ்காவ் எழுதத் தடையில்லை. ஆனால் அதன் பாடங்களைப் படிக்காமல் எழுதுவது எப்படி?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காவ்காவ் எழுதியவர்களும் வெளிநாடு போகலாம். அதன் மதிப்பெண்ணைச் சிட்னி பல்கலைக்கழகம் 2012 முதல் ஏற்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்தே சீன மாணவர்களைச் சேர்க்கின்றன. ஜெர்மனிக்குச் செல்லவும் காவ்காவ் மதிப்பெண் உதவும். பெய்ஜிங்கில் சான்றிதழ்களைச் சரிபார்க்கவே ஒரு ஜெர்மானிய அலுவலகம் இருக்கிறது. ஜப்பானுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அதைச் சீனப் பெருநிலத்தில் எழுத முடியாமல் ஹாங்காங்குக்கோ ஜப்பானுக்கோ போகிறார்கள். அமெரிக்கா செல்ல விரும்பிய அக்காவின் வகுப்புத் தோழி ஒருத்தி 'சாட்' தேர்வுக்காக மக்காவ் வரை விமானத்தில் போய்வந்தாள். ஆக, அந்தக் கரையில் நிற்பவர்கள் இந்தக் கரைக்கு வரலாம். அக்கா நின்ற கரையிலிருந்து திரும்பிப் போவது அரிது. பதினைந்து வயதில் இதை யார் முடிவு செய்வது என்று நாங்கள் கேட்டோம். "அப்பாவும் அம்மாவும் என்னைக் கேட்டார்கள். நானும் சரி என்றேன். என்ன கேட்டார்கள் என்பதுதான் அப்போது புரியவில்லை" என்றார்.

எங்களுக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது. அக்கா ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்தார். அதில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் சிந்திக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். நாங்கள் இருவரும் தேர்வாளர்கள் ஆனோம்! அப்பாவின் கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அமர்வோம். பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்வித்த விடைகளை அக்கா கடகடவென்று ஒப்பிப்பார். எந்த அட்டையைக் கொடுத்தாலும் அது எப்படியோ அவருடைய 'மறக்க முடியாத மலையேற்றத்தில்' வந்து முடியும். "அக்கா, நீங்கள் உண்மையில் மலை ஏறினீர்களா?" என்று தங்கை ஒருநாள் கேட்டுவிட்டாள். ஏறவில்லையாம். அன்று முதல் மனப்பாடத்துக்குத் தடை விதித்தோம். முதல் வாரம் அவர் திக்கித் திணறினார். பிறகு பேச்சு வந்தது.

2024 இறுதியில் வந்த சோதனைதான் பெரிது. இங்கிலாந்துக்கு ஒரே படிவத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். அந்த ஐந்துக்கும் அப்போது ஒரே கட்டுரைதான் எழுத வேண்டியிருந்தது. இடைவெளி உட்பட 4,000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அக்கா கேட்டது கட்டுமானப் பொறியியல். சித்தி பெருந்தொகை கொடுத்து அமர்த்தியிருந்த ஒரு முகவர் நிலையம் கட்டுரையைத் தானே எழுதி அனுப்பியது. அதில் அக்கா ஒரு மலைக் கிராமத்துக்குச் சென்று சிறுவர்களுக்குப் பாலம் கட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்! மீண்டும் மலை! அக்கா அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு எதிர் வீட்டில் உரத்த குரல்கள் கேட்டன. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது சித்தியின் வாதம். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மகளின் கட்டணத்துக்காக ஒரு சிறிய வீட்டை விற்றிருந்தார்கள். 2021க்குப் பின் அங்கே வீட்டு விலைகள் சரிந்துவிட்டதால், எண்ணிய தொகை கிடைக்கவில்லை. அத்தனையும் அந்த 4,000 எழுத்துகளை நம்பி நின்றது.

அக்கா தம் கட்டுரையைத் தாமே எழுதினார். சூச்சௌவில் பாவ்தாய் என்றொரு பழம்பாலம் உண்டு. 53 வளைவுகள், நடுவே மூன்று மட்டும் படகுகள் செல்ல உயர்ந்து நிற்கும். 1863இல் நடந்த போரில் அதன் ஒரு வளைவை இடித்தபோது, அடுத்தடுத்து 26 வளைவுகள் சரிந்துவிட்டன, மற்றவை நின்றன. ஏன் நின்றன என்பதே அக்காவின் கட்டுரை. சுமை தாங்கும் தடித்த தூண் ஒன்று இடையில் இருப்பதைக் காட்ட, எங்களையும் அழைத்துச் சென்று தூண்களை நாடாவால் அளந்தார். குளிரில் நாடாவின் மறுமுனையைப் பிடித்தது நாங்கள்தான் என்பதை இங்கே பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

மூன்று இடங்கள் 'வரலாம்' என்றன. ஆனால் குறித்த மதிப்பெண் வாங்கினால்தான். அவற்றில் ஒன்றை முதல் விருப்பமாகவும், சற்றுக் குறைந்த மதிப்பெண் கேட்ட மற்றொன்றைக் காப்பாகவும் வைத்துக்கொண்டார்.

2025 ஜூன் 7ஆம் நாள், நாங்கள் ஊர் திரும்புவதற்குச் சில நாள்களே இருந்தன. அக்கா எங்களைத் தேர்வு மையத்தின் வாயிலுக்கு அழைத்துப் போனார். உள்ளே அவருடைய பழைய தோழிகள் காவ்காவ் எழுதிக்கொண்டிருந்தனர். சாலையில் வண்டிகள் ஒலி எழுப்பவில்லை. தாய்மார் பலர் வெற்றிக்கு அடையாளமாகச் சிவப்பு நிற 'சிபாவ்' உடை அணிந்து நின்றனர். அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் அம்மாவும் அந்த உடை ஒன்று வைத்திருக்கிறார். அணிய நாள் வரவில்லை" என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வழியில் ஐஸ் வாங்கித் தின்றோம்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. இயற்பியலில் ஒரு படி குறைந்துவிட்டதால், முதல் விருப்பம் கை நழுவியது. காப்பாக வைத்திருந்த இடம் ஏற்றுக்கொண்டது. சித்தி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். செப்டம்பரில் விமான நிலையத்திலிருந்து ஒரு படம் வந்தது: அக்கா, இரண்டு பெட்டிகள், அருகே சிவப்பு உடையில் சித்தி.

அக்கா கையால் எழுதிய அந்தத் தேர்வு அட்டைகள் எங்களிடமே தங்கிவிட்டன. அவற்றைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதினோம். வேண்டாம், மெய்மெய்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விடை வந்திருக்கிறது.