அத்தை மடியில் கட்டி வந்த கீரை

என் மாமியார் இருந்தவரை எங்கள் வீட்டில் கீரைக்குக் காசு கொடுத்ததே இல்லை. காட்டிலிருந்து திரும்பும்போது மடி நிறையப் பறித்து வருவார். நான் டவுனில் வளர்ந்தவள். "மாடு தின்கிற பூண்டெல்லாம் நமக்கு எதுக்குங் அத்தை?" என்று முகம் சுளிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே ஆய்ந்து, கடைந்து வைத்துவிடுவார். அவர் போய் நாலு வருஷமாகிறது. போன ஆனியில் என் பெண்ணுக்கு ரத்தச் சோகை என்று டாக்டர் மாத்திரை எழுதி, "கீரையும் நிறையக் கொடுங்கள்" என்றார். அப்போதுதான், எதையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

அதனால் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண்கள் நாங்கள் ஒன்பது பேர், களையெடுத்தே காலம் தள்ளிய ஓர் ஆத்தாவை முன்னால் விட்டுக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல் வயல். வரப்பு ஈரத்தில் வெள்ளைப் பூவோடு கரிசலாங்கண்ணி. கசக்கிப் பார்த்தேன், சற்று நேரத்தில் விரலெல்லாம் கறுத்துவிட்டது! கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ ஒட்டியிருந்தது பொன்னாங்கண்ணி. நான் தொட்டியில் பெருமையாக வளர்க்கும் சிவப்பு இலை? அது சீமைப் பொன்னாங்கண்ணியாம், வேறு ஜாதி. வயலோரத் தண்ணீரில் நாலு இலை விரித்து நின்றது ஆரைக்கீரை. அது பெரணி இனம், பூக்கவே பூக்காது என்றார் எங்களோடு வந்த டீச்சர்.

வாய்க்காலைத் தாண்டி மேட்டுக்காடு ஏறினால் செடிகளே மாறிவிடுகின்றன. சோளத்துக்கு நடுவே தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, தரையோடு படர்ந்த மூக்கிரட்டை. பண்ணைக்கீரையைக் கதிர் விடுமுன் பறித்துவிட வேண்டுமாம். வேலியில் பலூன் மாதிரிக் காயோடு முடக்கத்தான். அதை ஒட்டியே சிவப்பும் கறுப்புமாகக் குண்டுமணி. குழந்தைகள் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள்; மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எருக்குழி ஓரத்து ஊமத்தையும் அப்படித்தான்.

திரும்பும் வழியில், ஒரு வரப்பில் பொன்னாங்கண்ணி தளதளவென்று இருந்தது. குனிந்து ஒரு பிடி பறித்துவிட்டேன். ஆத்தா கையைத் தட்டிவிட்டார்.

"அத வுட்டுருங் அம்மணி! முந்தாநேத்துத்தான் களைக்கொல்லி அடிச்சாங்க."

பார்வைக்கு இலை வாடவே இல்லை! செடி உள்ளே இழுத்துக்கொண்ட மருந்து எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது என்றார் டீச்சர். ரத்தம் ஊற வேண்டிய பெண்ணுக்கு நான் கொண்டுபோகவிருந்தது அது.

"உங்க அத்தையும் இந்த வரப்புலதானுங் பறிப்பாங்க. அப்பெல்லாம் நாங்க கையில களை எடுத்தோம், மருந்தேதுங்?" என்றார் ஆத்தா. எனக்குப் பேச்சு வரவில்லை.

மேட்டுக்காட்டுக் கீரையை மட்டும் கொண்டு வந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு வேகவைத்து, அத்தையின் மண்சட்டியில் கடைந்து, இலையில் எலுமிச்சை பிழிந்து வைத்தேன். கீரையின் இரும்புச் சத்தை உடம்பு கொஞ்சமாகத்தான் ஏற்கும். புளிப்பான எலுமிச்சை அதைக் கூட்டும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி, டீ குறைத்துவிடும். மாத்திரையையும் நிறுத்தவில்லை.

"என்னம்மா இது, ஏதோ பூண்டு மாதிரி?" என்று என் பெண் முகம் சுளித்தாள். அச்சாக என் முகம்!

அடுத்த தடவை அவளையும் கூட்டிப் போகிறேன். ஆத்தா சம்மதித்துவிட்டார், செருப்புப் போட்டுக்கொண்டு வரணும் என்ற கண்டிஷனோடு. காடெல்லாம் நெருஞ்சி முள்.