ஊசி குத்திப் பார்க்காத கட்டி

ஓய்வு பெற்ற பிறகும் நாய்க் கட்டிகளின் படங்கள் என் கைப்பேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வளர்ப்பவர்கள் அனுப்பினால் அது அவர்கள் தவிப்பு. அண்மையில் ஓர் இளம் மருத்துவரே படம் அனுப்பி, "லைப்போமாதானே சார்?" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முகமும் இமையும் திடீரென்று வீங்கினால் பெரும்பாலும் தேனீயோ குளவியோ கொட்டியிருக்கும். மூச்சு இழுத்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. கடிபட்ட சில நாளில் சூடும் வலியுமாக எழுவது சீழ்க்கட்டி. தாடைக்கடியில் இருபுறமும் உருண்டையாகத் தட்டுப்பட்டால் நெறிகட்டியிருக்கிறது. உண்ணிக் காய்ச்சலா, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். குட்டி நாய்களுக்குச் சிவந்து எழும் ஹிஸ்டியோசைட்டோமா பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே மறையும். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான்.

ஆட்டிவைப்பது மாஸ்ட் செல் கட்டி என்னும் புற்றுக்கட்டி. பக், பாக்ஸர், லேப்ரடார் நாய்களிடம் அதிகம் வரும். சில சமயம் தொட்டால் லைப்போமா என்னும் கொழுப்புக் கட்டியைப் போலவே மெத்தென்று இருக்கும். அழுத்தினால் ஹிஸ்டமின் வெளியேறிப் புடைக்கும். இரண்டு நாளில் வற்றும். வற்றியதும் வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு நோய்க்குறியியல் எடுத்த பேராசிரியர், கட்டியைத் தடவிவிட்டுப் பெயர் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். கட்டியில் குத்திச் செல்களை எடுக்க 22-ஆம் நம்பர் ஊசி, 5 மில்லி சிரிஞ்சு. இழுத்த பிஸ்டனை விட்டுவிட்டுத்தான் ஊசியை உருவ வேண்டும். ஸ்லைடை அழுத்தித் தேய்த்தால் செல்கள் உடைந்திருக்கும். அதைத் தொட்டியில் போட்டுவிட்டு, "மறுபடி எடு" என்பார். எண்ணெயாக வந்தால்கூட விடமாட்டார். "எண்ணெய் எனக்கும் தெரியுது. செல் என்னன்னு சொல்லு." மெத்தனாலில் கொழுப்பு கரைந்த பிறகு மிஞ்சுவதைப் பார்க்கச் சொல்வார். ஸ்லைடு ஜீம்சா சாயத்தில் அரை மணி நேரம் கிடக்க வேண்டும். வெளியே நாயோடு ஆள் காத்திருக்கிறார் என்றாலும் அசையமாட்டார். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் மாஸ்ட் செல்லின் ஊதாத் துகள்கள் தெளிவாகத் தெரியும்.

இப்போது ஒரு நிமிடச் சாயம் வந்துவிட்டது. அதில் அந்தத் துகள்கள் சில சமயம் சாயமே ஏற்காது. வெறும் வட்டச் செல்கள் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பல இடங்களில் ஸ்லைடே கிடையாது, எடுத்த எடுப்பில் ஸ்டீராய்டு ஊசிதான். கட்டி சுருங்கும். மாஸ்ட் செல் கட்டியும் லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கத்தான் செய்யும். பின்னால் ஊசி குத்தி ஸ்லைடில் எடுக்கும் ஸ்மியர் ஏமாற்றும். லிம்போமாவுக்குத் தரும் கீமோவும் முன்போல் பிடிக்காது. அல்ட்ராசவுண்டு வாங்கி வைத்திருக்கும் கிளினிக்கில் நுண்ணோக்கி தூசி படிந்து கிடக்கிறது.

லைப்போமா என்று நினைத்து ஒட்ட அறுப்பது அதைவிடக் கொடுமை. மாஸ்ட் செல் என்றால் பொதுவாகச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர், அடியில் ஒரு தசையுறை சேர்த்து எடுக்க வேண்டும். காலில் மறுமுறை அறுக்க நேர்ந்தால் மூடுவதற்குத் தோல் எங்கே இருக்கிறது?

வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசாதீர்கள், பிசைந்துவிடாதீர்கள். பார்த்த தேதியையும் அளவையும் குறித்து வையுங்கள். 1 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ ஒரு மாதம் நின்றாலோ, வேறு எந்த ஊசி போடும் முன்பும் ஸ்மியர் எடுக்கச் சொல்லுங்கள். அறுத்தெடுத்த கட்டியைக் குப்பை வாளியில் போட விடாதீர்கள். ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தப் புட்டியைக் கேட்டு வாங்கி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.